உயிரணுவின் குலமுறை உரைத்த ருடால்ப் விர்ச்சோ

மூன்றாண்டுகளுக்கு முன் ஒரு நாள் காலை, புகைவண்டி நிலையத்தின் முன்பதிவுச் சாளரத்தினுள் நாம் அமர்ந்திருந்தபோது, நம் சங்கத்து அன்பர் ஒருவர் தம் ஒன்பது வயது மகனைக் கைப்பிடித்து அழைத்து வந்து, புற்றுநோயாளர்க்குரிய கட்டணச் சலுகைச் சான்றிதழை நீட்டினார். சான்றிதழைச் சரிபார்த்துச் சீட்டைத் தருவது நமது கடமை. அதற்குமேல் எவரிடமும் எதுவும் வினவுவதில்லை. அன்பரோ தாமாகவே பேசினார். நோயின் பெயர் லூக்கீமியா என மருத்துவர் கூறியதாகவும், அச்சொல்லின் பொருள் தமக்கு விளங்கவில்லை என்றும், நூல் படிக்கும் வழக்கமுடைய நமக்குத் தெரிந்திருக்குமோ என்றும் கேட்டார். நமக்குத் தெரியவில்லை. வரிசையில் பின்னின்றவர்கள் பொறுமை இழக்கவே அவர் நகர்ந்து சென்றார். பள்ளியிறுதித் தேர்வோடு கல்வியை முடித்துக்கொண்ட நமக்கு அன்று தோன்றிய நாணம், பல நூல்களைத் தேடிப் படிக்கச் செய்தது. தேடிச் சென்ற நாம் வந்து சேர்ந்த இடம், அச்சொல்லைப் படைத்த மனிதரின் வாழ்க்கை. அவ்வாழ்க்கையை அன்பர்கள் முன் வைக்க இம்மலரில் இடம் கிடைத்தமைக்கு மகிழ்கிறோம்.

ருடால்ப் விர்ச்சோ 1821-ஆம் ஆண்டு அக்டோபர் 13-ஆம் நாள், அந்நாளில் பிரஷ்ய நாட்டைச் சேர்ந்த பொமரேனியா மாநிலத்தில் ஷிவெல்பைன் என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் உழவர், ஊராட்சியின் பொருளாளராகவும் இருந்தவர். வீட்டில் செல்வமில்லை, ஒரே மைந்தனுக்கு அறிவு மிகுதியாக இருந்தது. சமய போதகராக வேண்டும் என்பதே இளைஞரின் முதல் விருப்பம் என்றும், குரல் வலிமை போதாது எனக் கருதி அதைக் கைவிட்டார் என்றும் கூறுவர். ஏழை மாணவரைப் படைமருத்துவராக்கும் பொருட்டு அரசு செலவேற்று நடத்திய பெர்லின் மருத்துவப் பள்ளியில் 1839-இல் இடம் கிடைத்தது. அங்கே யோகான்னஸ் முல்லர் என்னும் பேராசிரியரிடம் பயின்று, 1843-இல் மருத்துவப் பட்டம் பெற்று, சாரிட்டே மருத்துவமனையில் பிணப் பரிசோதனைப் பகுதியில் பணியேற்றார்.

உயிரோடிருப்போரைக் காண்பதினும் இறந்தோரைக் காண்பதே அவருடைய அன்றாட வேலையாயிற்று. அவ்வேலையில்தான் 1845-ஆம் ஆண்டில் அந்த நிகழ்ச்சி நேர்ந்தது. சமையல் வேலை செய்து வந்த ஐம்பது வயதுப் பெண்மணி ஒருவர் மண்ணீரல் பெரிதாக வீங்கி, மூக்கிலிருந்து குருதி வடிந்து, மெலிந்து மறைந்தார். உடலைத் திறந்து பார்த்தபோது குருதிக் குழாய்களில் சீழ் போன்ற வெளிறிய பொருள் நிரம்பியிருந்தது. அதே ஆண்டில் எடின்பரோ நகரத்து மருத்துவர் ஜான் ஹியூஸ் பென்னெட் இத்தகைய நோயாளி ஒருவரைப் பற்றி விர்ச்சோவுக்குச் சில வாரங்கள் முன்னதாகவே எழுதியிருந்தார். குருதியில் சீழ் பிடித்தது என்பது அவர் முடிவு. இருபத்துநான்கு வயதே நிரம்பாத விர்ச்சோ, நுண்பெருக்காடியில் வைத்துப் பார்த்து, இது சீழன்று எனத் துணிந்தார். எல்லோருடைய குருதியிலும் சிவப்பணுக்கள் மிகுந்தும் வெள்ளணுக்கள் அருகியும் இருக்கும். இப்பெண்மணியின் குருதியிலோ அக்கணக்கு தலைகீழாக மாறியிருந்தது. புதிய பொருளொன்று வெளியிலிருந்து புகவில்லை. உள்ளே இருந்ததே வரம்பு மீறிப் பெருகியது. இதற்கு அவர் முதலில் வெள்ளைக் குருதி என்று பெயரிட்டார். பின்னர் 1847-இல் அதையே கிரேக்க மொழிச் சொற்களால் லூக்கீமியா என்றார். அன்பர் கேட்ட கேள்விக்கு விடை இவ்வளவுதான். ஆனால் வெள்ளணுக்கள் ஏன் அவ்வாறு பெருகின என்னும் கேள்வி அப்படியே நின்றது. அதற்கு விடை காண உலகம் நெடுங்காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1847-ஆம் ஆண்டிலேயே தம் நண்பர் பென்னோ ரைன்ஹார்ட்டுடன் சேர்ந்து நோயியல் ஏடொன்றைத் தொடங்கினார் விர்ச்சோ. அவர் பெயரையே தாங்கி அது இன்றளவும் வெளிவருகிறது.

1848-இன் தொடக்கத்தில் மேல் சைலீசியாப் பகுதியில் டைபஸ் காய்ச்சல் பரவி மக்கள் மாண்டனர். பஞ்சத்தால் வாடிய, போலிஷ் மொழி பேசும் ஏழைக் குடிகள் அவர்கள். நோயின் தன்மையைக் கண்டறிந்து வருமாறு அரசு விர்ச்சோவை அனுப்பியது. அங்கே மூன்று வாரங்கூட அவர் தங்கவில்லை. எனினும் அம்மூன்று வாரத்தில் கண்டவை அவர் வாழ்நாள் முழுவதும் உடன்வந்தன. மருந்தின் பெயர்களை எதிர்பார்த்திருந்த அமைச்சர்களுக்கு அவர் அளித்த அறிக்கை வேறு வகையினது. அம்மக்களுக்குத் தன்னாட்சி வேண்டும், அவர்கள் தாய்மொழியில் கல்வி வேண்டும், சாலைகள் வேண்டும், வரிச்சுமை ஏழைகளிடமிருந்து செல்வர்களுக்கு மாற வேண்டும் என்று அவர் எழுதினார். காய்ச்சலுக்கு மருந்து கேட்டவர்களுக்கு ஆட்சி முறையையே மாற்றச் சொன்னால் எவ்வாறிருக்கும்! பெர்லினுக்குத் திரும்பிய சில நாள்களிலேயே மார்ச் மாதப் புரட்சி வெடித்தது. வீதித் தடையரண்களில் நின்றவர்களுள் இவரும் ஒருவர். மருத்துவச் சீர்திருத்தத்துக்கென ஒரு வார இதழையும் நடத்தினார். புரட்சி அடங்கியது, அரசின் சினம் அடங்கவில்லை. 1849-இல் அவர் பதவிக்கு இடையூறு நேரவே, பவேரியா நாட்டின் வூர்ஸ்பர்க் பல்கலைக்கழகம் அளித்த நோயியல் பேராசிரியர் பதவியை ஏற்று அங்குச் சென்றார்.

வூர்ஸ்பர்க்கில் கழிந்த ஏழாண்டுகளே அவருடைய பெரும்புகழுக்கு வித்திட்டவை. அதை விளக்க முற்படுமுன் சற்றுப் பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும். 1665-இல் இங்கிலாந்தில் ராபர்ட் ஹூக் தக்கைத் துண்டைப் பெரிதாக்கிப் பார்த்து, அதிலிருந்த சிற்றறைகளுக்குச் செல் என்று பெயரிட்டார். அதனையே உயிரணு என்கிறோம். 1838-இல் ஷ்லைடன் தாவரங்கள் யாவும் உயிரணுக்களால் ஆனவை என்றார். மறு ஆண்டில் ஷ்வான் விலங்குகளும் அவ்வாறே என்றார். கட்டடம் செங்கற்களால் ஆனது என்பது இவ்வாறு தெரிந்தது. செங்கல் எங்கிருந்து வருகிறது? வடிவமற்ற நீர்மத்திலிருந்து, கரைசலில் உப்புப் படிகம் தோன்றுவது போல அது தோன்றுகிறது என்று அவ்விருவரும் எண்ணினர். பெரியோர் சொன்னதாகையால் உலகமும் நம்பியது.

அதை நம்பாதவர் ராபர்ட் ரெமாக். இவர் போசன் நகரத்து யூதர். இவரும் முல்லரின் மாணவரே. கோழிக் குஞ்சின் கருவை நாள்தோறும் ஆராய்ந்து, ஓர் உயிரணு இரண்டாகப் பிளந்தே மற்றோர் உயிரணு உண்டாகிறது என்பதைக் கண்டு, 1852-இல் ஐயமற வெளியிட்டார். கரு மூன்று அடுக்குகளாகப் பிரிகிறது என்றும், மேலடுக்கிலிருந்து தோலும் நரம்பும், நடுவடுக்கிலிருந்து தசையும் எலும்பும் குருதியும், உள்ளடுக்கிலிருந்து குடலின் உட்பூச்சும் கல்லீரலும் உண்டாகின்றன என்றும் காட்டியவரும் அவரே. முதலில் தயங்கிய விர்ச்சோ, பின்னர் அக்கொள்கையை முழுமனதோடு ஏற்று, 1855-இல் எழுதிய கட்டுரையில் உயிரணு ஒவ்வொன்றும் முந்தையதோர் உயிரணுவிலிருந்தே பிறக்கிறது என்று முழங்கினார். வாழையடி வாழையாக வருவதே உயிர். இடையில் எங்கும் அறுபட்டதில்லை. அவர் இதனோடு நில்லாமல், நோய் என்பதும் உயிரணுவில் தொடங்குவதே என்று ஒரு படி மேலே சென்றார். முன்னோர் நோயைக் குருதியிலும் பித்தத்திலும் தேடினர்; விர்ச்சோ அதற்கு முகவரி கண்டுபிடித்துத் தந்தார்.

அம்முழக்கத்தில் ரெமாக்கின் பெயர் ஒலிக்கவில்லை. இதை எழுத நமக்கு வருத்தமே. ஞானஸ்நானம் பெற மறுத்த ரெமாக்குக்குப் பிரஷ்யப் பல்கலைக்கழகங்களில் முழுப் பேராசிரியர் பதவி இறுதிவரை கிடைக்கவில்லை. நோயாளரைப் பார்த்துப் பிழைத்துக்கொண்டே ஆராய்ச்சி செய்து 1865-இல் மறைந்தார். சைலீசியாவின் ஏழைகளுக்காக வாதாடியவரும், பின்னாளில் 1880-இல் யூத வெறுப்பு இயக்கத்தை எதிர்த்துப் பிரஷ்யச் சட்டமன்றத்தில் பேசியவருமான விர்ச்சோ, தம் பக்கத்திலிருந்த ஒருவருக்கு உரிய இடத்தை அளிக்கத் தவறினார். பெரியோர் வரலாற்றை எழுதுகையில் இத்தகைய செய்தியை விட்டுவிடுவது நம்மவர் வழக்கம். நாம் விட விரும்பவில்லை.

1856-இல் பெர்லின் அவரை மீண்டும் அழைத்தது. அவருக்கென்றே ஒரு நோயியல் நிலையம் எழுப்பப்பட்டது. 1858-இல் மருத்துவர்களுக்கு இருபது சொற்பொழிவுகள் ஆற்றி, அவற்றை உயிரணு நோயியல் என்னும் பெருநூலாக வெளியிட்டார். அதில் உடலை ஒரு குடியரசாகவும், உயிரணுக்களை அதன் குடிகளாகவும் உருவகித்தார். அரசியலையும் மருத்துவத்தையும் அவர் பிரித்துப் பார்த்ததே இல்லை.

அக்குடியரசைச் சற்று உற்று நோக்குவோம். மனித உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி உயிரணுக்கள் உள்ளன. அவற்றுள் இருநூறுக்கு மேற்பட்ட வகைகள் உண்டு. கருவுற்ற ஒரே முட்டையிலிருந்து இவை யாவும் பிறந்தன. அவ்வாறாயின் ஒன்று நீண்ட நரம்பாகவும், ஒன்று சுருங்கி விரியும் தசையாகவும், ஒன்று சிவந்த தட்டாகவும் மாறுவது எவ்வாறு? நமது துறையிலிருந்தே ஓர் உவமை கூறுவோம். புகைவண்டித் துறையில் பொது விதிநூல் என ஒன்று உண்டு. நிலைய அதிகாரிக்கும் ஓட்டுநருக்கும் பாயிண்ட்ஸ்மேனுக்கும் நூல் ஒன்றுதான். அவரவர் தமக்குரிய அத்தியாயத்தைப் பின்பற்றி நடப்பர். உயிரணுவின் உட்கருவில் உள்ள டி.என்.ஏ.யும் அத்தகையதே. நரம்பணுவிலும் தோலணுவிலும் ஏறத்தாழ அதே நூல் உள்ளது. திறந்திருக்கும் பக்கங்கள் மட்டும் வேறு. மனிதச் சிவப்பணுவோ முதிர்ந்தவுடன் அந்நூலையே துறந்துவிடுகிறது. உட்கருவை வெளியேற்றி, அவ்விடமெல்லாம் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளை நிரப்பிக்கொண்டு, சுமார் 120 நாள் உழைத்து மடிகிறது.

இங்கேதான் விர்ச்சோவின் கொள்கைக்கு ஒரு சோதனை. உட்கரு இல்லாத சிவப்பணுவால் பிளந்து பெருக இயலாது. எனினும் நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட புதுச் சிவப்பணுக்கள் நம் உடலில் தோன்றுகின்றன. ஒவ்வோர் உயிரணுவுக்கும் தாய் உண்டெனில், இவற்றின் தாய் யார்? 1868-இல் கேனிக்ஸ்பர்க் நகரத்து எர்ன்ஸ்ட் நோய்மன், எலும்பின் உள்ளிருக்கும் மஜ்ஜையே குருதியணுக்களின் பிறப்பிடம் என்று கண்டார். விர்ச்சோவின் மாணவராக வூர்ஸ்பர்க்கில் இருந்த எர்ன்ஸ்ட் ஹெக்கல் என்பவர், வேறொரு பொருளில், எல்லா உயிர்களுக்கும் மூதாதையான ஓரணு உயிரைக் குறிக்க, அதே 1868-இல் ஒரு சொல்லைப் படைத்தார். அதுவே பின்னாளில் ஆங்கிலத்தில் ஸ்டெம் செல் ஆயிற்று. தமிழில் குருத்தணு என்கின்றனர்.

குருத்தணுவின் இயல்பை நம் சிற்றூர்ப் பெண்டிர்க்கு எளிதில் விளக்கலாம். அறுவடை நெல்லெல்லாம் உலைக்குப் போவதில்லை. ஒரு பகுதி விதைநெல்லாகக் குதிரில் தங்கும். குருத்தணுவும் எத்தொழிலும் ஏற்காமல் மஜ்ஜையில் தங்கும். அது பிளக்கும்போது ஒன்று மீண்டும் விதையாக நிற்கும். மற்றொன்று பல தலைமுறையாகப் பிளந்து, சிவப்பணுவாகவோ வெள்ளணுவாகவோ தொழில் ஏற்கும். இதைக் கனடாவின் டொரான்டோ நகரில் டில், மக்கல்லக் என்னும் இருவர் 1961-இல் எலிகளைக் கொண்டு மெய்ப்பித்தனர். கதிர்வீச்சால் மஜ்ஜை அழிந்த எலிகளுக்கு வேறு எலியின் மஜ்ஜையைச் செலுத்தியபோது, அவற்றின் மண்ணீரலில் சிறு முடிச்சுகள் தோன்றின. ஒவ்வொரு முடிச்சும் ஒரே அணுவின் வழித்தோன்றல்கள். தொழில் ஏற்ற உயிரணுவையும் குருத்து நிலைக்குத் திருப்பலாம் என்பதை ஜப்பானியர் யமனாகா 2006-இல் எலியின் தோலணுவிலும் மறு ஆண்டு மனிதரின் தோலணுவிலும் காட்டினார். மூடிய பக்கங்கள் கிழிக்கப்படவில்லை என்பது அதனால் தெளிவாயிற்று.

இனி அந்தச் சமையற்காரப் பெண்மணியின் நோய்க்கு வருவோம். குருத்தணுவிலோ, அதன் அண்மை வழித்தோன்றலிலோ விதிநூலின் சில வரிகள் பிறழ்ந்து போக, அதன் மக்கள் தொழில் கற்காமலே பெருகிக்கொண்டு போவதுதான் லூக்கீமியா. நாற்றங்காலில் களை மண்டி நாற்றுக்கு இடமில்லாமற் போவது போன்றது அது. நம் அன்பரின் மகனுக்கு மருந்துகளால் ஒருமுறை அடங்கிய நோய் மீண்டும் தலையெடுத்தது. களையோடு நாற்றங்காலையும் அழித்துவிட்டு, அவன் தமக்கையின் குருத்தணுக்களைக் குருதியேற்றுவது போலவே நரம்பின் வழி ஏற்றினர். அவை தாமே வழி தேடிச் சென்று மஜ்ஜையில் குடியேறுமாம்! சென்ற பொங்கல் விழாவில் நம் சங்கத்துச் சிறுவர்களோடு அவன் ஓடியாடியதை அன்பர் பலரும் கண்டிருப்பர்.

விர்ச்சோவின் பிற்பாதி வாழ்க்கை ஆய்வுக்கூடத்தை விட நகர மன்றத்திலேயே மிகுதியாகக் கழிந்தது. 1859-இல் பெர்லின் நகர மன்ற உறுப்பினரானார். இறக்கும் வரை அப்பதவியை விடவில்லை. கழிவுநீர் தெருவில் ஓடிய அந்நகருக்குப் பொறியாளர் ஹோப்ரெக்ட்டுடன் சேர்ந்து நிலத்தடிச் சாக்கடைத் திட்டம் வகுத்தார். 1873-இல் வேலை தொடங்கியது. சட்டமன்றத்தில் பிஸ்மார்க்கின் போர்ச் செலவுகளை இடைவிடாது எதிர்த்தார். 1865-இல் சினங்கொண்ட பிஸ்மார்க் அவரை இருவர் போருக்கு அழைக்க, விர்ச்சோ மறுத்துவிட்டார். புழு கலந்த இறைச்சியை ஆயுதமாகத் தேர்ந்தெடுத்தார் என்றொரு கதை உலவுகிறது. சுவையான கதைதான், ஆதாரமில்லை. 1870-இல் பிரான்சுடன் போர் மூண்டபோது, போரை வெறுத்த அவரே காயமுற்றோரை ஏற்றிவரும் மருத்துவமனைப் புகைவண்டியை அமைத்து, முதல் வண்டியைத் தாமே போர்முனைக்கு நடத்திச் சென்றார். இச்செய்தியைப் படித்தபோது நாமும் நம் தொழிலை எண்ணிச் சிறிது நிமிர்ந்து அமர்ந்தோம்.

தவறுகளும் பல. நியாண்டர் பள்ளத்தாக்கில் கிடைத்த தொல்மனிதனின் எலும்புகளை 1872-இல் ஆராய்ந்து, அது நோயுற்ற தற்கால மனிதனுடையது என்றார். நோயை மட்டுமே பார்த்துப் பழகிய கண் அது. நுண்கிருமிகளே நோய்க்கு முதற்காரணம் என்று காக் முதலியோர் கூறியதையும் அவர் எளிதில் ஏற்கவில்லை. வறுமையை விட்டுவிட்டுக் கிருமியைக் குற்றம் சாட்டுவது அவருக்குப் பொறுக்கவில்லை போலும். 1887-இல் ஜெர்மானியப் பட்டத்திளவரசர் பிரெடரிக்கின் தொண்டையிலிருந்து எடுத்த சிறு துண்டுகளை அவரிடம் தந்தனர். அவற்றில் புற்றுநோய்க்கான சான்று காணவில்லை என்று அவர் எழுதினார். தமக்குத் தந்த துண்டைப் பற்றியே அவர் கூற முடியும். தராத இடத்தைப் பற்றி எங்ஙனம் கூறுவார்? அறுவை மருத்துவம் கைவிடப்பட்டது. இளவரசர் 1888-இல் பேரரசராகி, 99 நாள் ஆண்டு, புற்றுநோயால் மறைந்தார்.

ஆனால் எண்ணிப் பார்க்க வேண்டிய மற்றொரு பணியும் உண்டு. ஜெர்மானியர் தூய பொன்னிற இனத்தார் என்னும் செருக்கு வளர்ந்த காலத்தில், ஏறத்தாழ 67 லட்சம் பள்ளிப் பிள்ளைகளின் கண், முடி, தோல் நிறங்களைக் கணக்கெடுக்கச் செய்தார். பொன்முடியும் நீலக் கண்ணும் வெண்தோலும் ஒருங்கே உடையோர் மூன்றில் ஒரு பங்கினரும் இலர். உயிரணுவின் குலமுறையை உரைத்தவர், மாந்தரின் குலச் செருக்குக்கு இடந்தரவில்லை.

1902-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் நாள், எண்பது வயது விர்ச்சோ பெர்லின் லைப்சிக் வீதியில், ஓடிக்கொண்டிருந்த டிராம் வண்டியிலிருந்து குதித்திறங்கினார். ஓடும் வண்டியிலிருந்து இறங்காதீர் என்று நிலையந்தோறும் நாம் எழுதி வைக்கும் பலகையை எந்தக் காலத்தில்தான் மக்கள் படித்தார்கள்! தொடையெலும்பு முறிந்தது. முறிவு ஒருவாறு கூடிய பின்னும் பழைய வலிமை திரும்பவில்லை. அவ்வாண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் பெர்லினில் காலமானார். நகர மன்றத்தில் நாற்பத்து மூன்று ஆண்டுகள் அவர் அமர்ந்திருந்த இருக்கை அன்றுதான் காலியாயிற்று.